ஒரு ‘அன்ஃபேர்லி’ போதாதென்று

தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது. அடுத்தவர் புகழும்வரை காத்திருப்போம். (புகழாவிட்டால் கோபம் மட்டும் நன்றாக வரும்.)

சில வருஷம் முன்பு, கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் என் ஐ.டி. ஆபீஸில் டீம் லீட் பதவி காலியானது. அது எனக்குத்தான் என்று, சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருக்கும் மாமனார்வரை சொல்லியாகிவிட்டது. அந்த வருஷ வேலைக்கான அப்ரைசல் மார்க் வந்தது. ஐந்துக்கு இரண்டு! இரண்டு வாங்கினவனை யார் லீட் ஆக்குவார்கள்?

அன்று இரவே மேனேஜருக்கு மெயில் எழுத உட்கார்ந்தேன். என் மனைவி கோமதி இங்கிலீஷ் டீச்சர். “அநியாயமாங்கறதுக்கு நல்ல வார்த்தையா சொல்லு” என்றேன்.

“அன்ஃபேர்லின்னு போடுங்க. ஆபீஸுக்கு அது ஒண்ணு போதும்.”

“இன்னும் காரமா?”

“அன்ஜஸ்ட்லி கொஞ்சம் கனம். ராங்ஃபுல்லி கோர்ட்டு கேஸுக்கு. ஒருத்தர ராங்ஃபுல்லி ஜெயில்ல போட்டாங்கன்னு வரும். உங்கள யாரு ஜெயில்ல போட்டா?”

கேட்டேனா? மூன்றையும் போட்டேன். போதாதென்று நெட்டில் தேடி, ‘இனிக்விடபிளி’ என்று வாயில் நுழையாத ஒன்றையும் கடைசி வரியில் சொருகினேன். மேனேஜருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரு காப்பி.

மறுநாள் மேனேஜர் ஷீபா மேடம் கூப்பிட்டார். மலையாளி. கோபத்திலும் குரல் உயராது. கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். எங்கள் ஆபீஸில் முதலில் நமக்கு நாமே மார்க் போட வேண்டும், அப்புறம்தான் மேனேஜர் போடுவார். திரையில் இருந்தது நான் போட்ட மார்க்.

“கார்த்தி, இந்த ரெண்டு ஆரு இட்டது?”

“நான்தான் மேடம்... ஒரு மரியாதைக்கு.”

“மரியாதைக்கோ?”

“விருந்துல போதும்னு இலையைக் கையால மறிப்போமில்லையா மேடம்? அப்படிச் சொன்னாலும் நீங்க இன்னும் ரெண்டு கரண்டி போடுவீங்கன்னு...”

மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “எங்க வீட்ல போதும்னா போதும்தான், கேட்டோ. நீங்க சொன்னது ஞான் சம்மதிச்சு. பின்னே ஞான் என்ன அநியாயம் செய்து?”

மேலே இருப்பவர் வேறு அந்தக் கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருந்தாராம். மானம் போயிற்று.

பதவி பக்கத்து சீட்டு அனீஷுக்குப் போனது. தனக்குத் தானே ஐந்து போட்டுக்கொண்டவன். இன்றும் அவனுக்குக் கீழேதான் எனக்கு வேலை. (தங்கமான பையன். அதுதான் இன்னும் எரிச்சல்.)

வீட்டிலும் மன்னிப்பு கிடையாது. மூன்றாவது தோசைக்கு ஒரு பேச்சுக்குப் ‘போதும்’ என்பேன். கோமதி அடுத்த நொடியே அதை மகள் தட்டில் போட்டுவிடுவாள். நான் முழிப்பேன். மகள் தோசையைப் பிய்த்தபடி சொல்வாள்:

“மெயில் போடுங்கப்பா. ஒரு அன்ஃபேர்லி போதும்.”