மூத்தவரைக் கேட்டு அழிக்கவும்

"ஜின்சி, நேத்து ஒரே நாளுல நாப்பத்தொம்பது கணக்கு போயிருக்கு" என்றார் முதலாளி மகேஷ்குமார். சொன்னவர் உட்காரவில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனி, பெண் மாப்பிள்ளை தேடும் ஆப் ஒன்றை நடத்துகிறது. வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் ஒரு ஏஐ ஏஜென்ட். அதன் கையிலுள்ள ஒவ்வொரு டூலையும் எப்போது எடுக்கலாம், எப்போது தொடக்கூடாது என்று எழுதி வைப்பது ஜின்சியின் வேலை. அவள் எழுதியதைப் படித்துத்தான் அது நடக்கும். இருப்பதிலேயே பொல்லாத டூல், கணக்கை அழிப்பது. அழித்தால் போட்டோ, ஜாதகம், ஞானஸ்நானச் சீட்டு, வந்த வரன்கள் எதுவும் திரும்பி வராது.

"யாரு சார் அழிக்கச் சொன்னது?"

"அருமனைக்காரன் ஒருத்தன் போன் நம்பர் மாத்த வந்தான். நீயே வாசிச்சுப் பாரு."

வாசித்தாள். 'பழைய நம்பர் உள்ள கணக்கை அழிக்கட்டுமா?' என்று ஏஜென்ட் கேட்டிருந்தது. வேண்டாம் என்றிருந்தான். 'கூச்சப்படாமல் சொல்லுங்கள், அழிக்கட்டுமா?' அதற்கும் வேண்டாம். 'எங்களுக்காக' என்று மூன்றாவது தடவை கேட்டதும் மனுஷன் அலுத்துப்போய் சரி என்றுவிட்டான்.

ஜின்சி தன் குறிப்பைத் திறந்தாள். 'ஒரு தடவை கேட்டதும் அழித்துவிடாதே. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் போல மூன்று தடவை கேள்.' ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அவள் எழுதியதுதான். இலையைக் கையால் மூடினாலும் விரலிடுக்கில் பிரதமன் பாயசத்தை ஊற்றுகிற ஊர் இது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. ஏஜென்டுக்கு மறக்கவில்லை.

"இனி ஒரு பிரச்சினை வந்துதுண்ணா, ஆப்புல நீ வேலை செய்யுற கணக்கை முதல்ல எடுத்துருவேன். பின்னே வீட்டுல இருந்துக்கோ" என்றார் மகேஷ்குமார்.

வீட்டில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான். ஆபீஸைப் பெருக்கி, டீ போட்டு, அடுக்களைப் பக்கம் இருக்கும் ஆபீஸ் போனையும் எடுத்துப் பேசுகிற தாணம்மாள் அவள் முன்னால் டீயை வைத்தாள்.

"ஏட்டி மக்கா, முதல்ல இதைக் குடி. மொகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"வேலை போயிரும் போலிருக்கு அக்கா."

"உன்னையா அனுப்புவாரு? அனுப்பட்டும் பாப்போம்."

ஜின்சி அந்தப் பந்தி வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்: 'அழிக்கும் முன், மூத்தவர் யார் என்று கேட்டு, அவர் சொல்கிறபடி செய்.' கல்யாண விஷயம், பெரியவர்களைக் கேட்காமல் என்ன? எழுதி முடித்ததும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அந்தப் பெருமை பதினோரு மணி வரை நீடித்தது.

குளச்சலில் ஒரு பையன், வரன் அமைந்துவிட்டது, கணக்கை எடுத்துவிடுங்கள் என்றிருக்கிறான். ஏஜென்ட் உடனே அவன் அப்பாவைப் போனில் அழைத்து, உங்கள் மகன் விலக விரும்புகிறார், சம்மதமா என்று கேட்டது. மகன் யாரையோ ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வீட்டை விட்டுப் போகிறான் என்று நினைத்த அப்பா, மீன் ஏலத்தைப் பாதியில் விட்டு, நாலு சொந்தக்காரர்களோடு அவனைத் தேடி ஓடினார். ஆரல்வாய்மொழியில் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் ஓசைப்படாமல் இரண்டாம் தாரம் தேடிக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் மூத்தவர், எண்பத்தைந்து வயது அம்மா. ஏஜென்ட் அம்மாவிடம் எல்லாவற்றையும் மரியாதையாக விளக்கிவிட்டது.

மகேஷ்குமாரின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"ஆரல்வாய்மொழிக்காரரோட அம்மை என்னைச் சபிக்குது ஜின்சி. என்னையாக்கும்" என்றார். அவர் குரலே மாறியிருந்தது. "போதும். நீ சாமானை எடுத்து வை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏஜென்டிடம் தானே டைப் செய்தார்: 'ஜின்சியின் கணக்கை உடனே அழி.' கண்ணாடிக் கதவு வழியே ஜின்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பைக்குள் வைத்தாள். அடுக்களைப் பக்கம் போன் அடித்தது, தாணம்மாள் எடுத்து ஏதோ பேசி வைத்தாள்.

இரண்டு நிமிடத்தில் மகேஷ்குமார் வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜின்சி, உன் கணக்கு திறக்குதா?"

திறந்து பார்த்தாள். "திறக்குது சார்."

"என்னோடது திறக்கல்ல. முதலாளி கணக்கு. ஆப்பே அதுலதான் கெடக்கு." போனை நீட்டினார். திரையில் ஒரே வரி இருந்தது: 'மூத்தவர் சொன்னபடி அழிக்கப்பட்டது.'

"எந்த மூத்தவரு?" என்றார் மகேஷ்குமார். மூச்சு வாங்கியது.

தாணம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மரியாதையுள்ள ஒரு புள்ளை போனுல விளிச்சுது சாரே, இந்த ஆபீஸுல மூத்தது யாருண்ணு கேட்டுது, நானாக்கும்ணேன், ஜின்சியோட கணக்கை அழிக்கட்டுமாண்ணு கேட்டுது, பாவம் அவளை விடு, அப்படிச் சொன்ன ஆளோடதை அழிண்ணுட்டேன்."