குமாஸ்தா நாற்காலி

"சாவி என்கிட்ட இல்லைம்மா" என்றார் குமாஸ்தா நாற்காலியில் இருந்தவர்.

இலக்கியா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை மணிக்கு அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. தேர்வு நடக்க வேண்டிய ஹாலோ பூட்டிக் கிடந்தது. மதுரையிலிருந்து வரும் தேர்வாளரை அழைத்துவர சேலம் ஜங்ஷனுக்குப் போன அவளுடைய நெறியாளர் குருமூர்த்தி, "ரயில்ல ஆளையே காணோம்மா" என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பட்டம் உறுதியானால்தான் கல்லூரி வேலைக்கு மனுப் போட முடியும். நாளை கடைசி நாள்.

"நான் வந்து..." என்று இழுத்தார் அவர்.

"தெரியுமுங்க சார். குழந்தைவேல் அண்ணன் சீட்டுக்குப் புதுசா வந்திருக்கீங்க. இருங்க, வாரேன்."

ஆபீஸ் வழக்கம் தெரியாதவளா அவள்? ஓடிப்போய்த் தட்டுவடை செட்டும் டீயும் வாங்கி வந்தாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். சாவி மட்டும் வந்தபாடில்லை.

"எதைப் பத்தி ஆராய்ச்சி?"

"உங்களைப் பத்தித்தானுங்க!" குமாஸ்தாவைக் குளிர வைக்க இதைவிட நல்ல தலைப்பு ஏது? "நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காவுல குமாஸ்தாக்கள் எப்படி வேலை செஞ்சாங்கன்னு. ரயில்வே, பேங்கு, இன்சூரன்ஸு எல்லாமே அவங்க தோள்மேலதான் ஓடுச்சுங்க."

"தோளாவது! காகிதத்தைப் புரட்டினவங்கதானே?"

தன் இனத்தையே இப்படி மட்டம் தட்டுகிறாரே! அவள் விளக்க ஆரம்பித்த நேரம் பார்த்து, ஓமலூரிலிருந்து வேன் வந்து நின்றது. கையில் மாலையோடு மாமியார் பெருமாயி, பின்னால் கணவன் தமிழரசு, அவன் பின்னால் சொந்தபந்தம் மொத்தமும்.

"ஏஞ்சாமி, இங்கயா பரிச்ச?"

"இல்லீங்கத்தை, சாவிக்கு நிக்கறேன்."

"அப்பச் சரி, நாங்களும் இப்புடிக் குந்திக்கறோம்." பெஞ்சுகள் நிரம்பின.

நாற்காலிக்காரர் விடவில்லை. "டைப் அடிக்கப் பொண்ணுங்க வந்ததும் சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க. இதுல என்ன பெருமை?"

இலக்கியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆம்பளைங்க சம்பளத்தைவிடக் கம்மிதானுங்க. ஆனா, ஊட்டு வேலைக்குப் போனதுக்கு இது எவ்வளவோ மேல். கல்யாணமானா வேலையை விட்டே அனுப்புன கம்பெனிகளும் உண்டு. அதையும் தாண்டித்தான் நின்னாங்க. தெரியாமப் பேசாதீங்க சார்!"

"கல்யாணமானா அனுப்புவானா?" பெருமாயி எழுந்தே விட்டாள். "எம்மருமவள எவனாச்சும் அனுப்பட்டும், பாத்துக்கறேன்!"

கைதட்டல் ஜன்னலைத் தாண்டிப் போனது. போச்சு, குமாஸ்தாவையும் பகைத்தாயிற்று, இனி ஏது சாவி என்று நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள் இலக்கியா. வாசலில் குருமூர்த்தி நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! தேர்வாளரைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர் எதற்கு இப்படிச் சிரிக்கிறார்?

நாற்காலிக்காரர் எழுந்தார். "ஏம்மா, மாலையை இன்னும் கையிலேயே வச்சிருக்கீங்க? மருமகளுக்குப் போடுங்க."

பெருமாயி யோசிக்கவேயில்லை, போட்டுவிட்டாள்.

"பரிச்சையே இன்னும் ஆரம்பிக்கலீங்களே, அத்தை!" இலக்கியா மாலையைக் கழற்றப் போனாள்.

அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்கச் சாவிக்கொத்தோடு உள்ளே வந்தார் குழந்தைவேல்.

"ஏனுங்க மதுரை சார், பஸ்ஸுல வந்த அலுப்புக்கு ஃபேனுக்குக் கீழ செத்த நேரம் குந்துங்கன்னு எஞ்சீட்டக் குடுத்துட்டு, வாட்ச்மேன் ஊட்டுல சாவி வாங்கப் போனேன், அதுக்குள்ள அம்மிணிக்குப் பரிச்ச வெச்சு, டாக்டர் பட்டமும் குடுத்துப்புட்டீங்களா?"