சிம்மக்கல்லில் கிடைத்த கோடாங்கி

எலுமிச்சம்பழத்தை அறுத்ததும் ரத்தம் சொட்டியது. நியாயமாகப் பார்த்தால் எதிரே நின்ற ஆள் அலறியிருக்க வேண்டும். அலறவில்லை. செருப்பைக் கழற்றினார், தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார், நடுத்தெருவில் சாய்குமாரின் காலில் விழுந்தார்.

சாய்குமார் இரண்டடி பின்னால் நகர்ந்தான். சிம்மக்கல் கடைவீதியில் போவோர் வருவோரிடம் மேஜிக் காட்டி, அவர்கள் பதறுவதை ஒளித்துவைத்த கேமராவில் பிடித்து யூடியூபில் போடுவதுதான் அவன் பிழைப்பு. சிலர் ஓடுவார்கள், சிலர் அடிக்க வருவார்கள். கும்பிட்ட முதல் ஆள் இவர்தான். எதிர்ச்சாரியில் கேமராப் பையோடு ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த நண்பன் ஹரிராம், 'விடாதே, நல்லா வருது' என்று சைகை காட்டினான்.

வீடியோவுக்குக் கன்டென்ட் என்று வந்துவிட்ட பிறகு பயந்தால் ஆகுமா? குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, எல்லோரிடமும் சொல்லும் வசனத்தையே இவரிடமும் எடுத்துவிட்டான்.

"நீ ரொம்ப நாளா ஒண்ணைத் தேடிக்கிட்டு இருக்கே."

"ஆமா சாமி! எங்க ஊருக் கோடாங்கிக்கு மூட்டுவலி. குறி சொல்ல ஆளு தேடாத எடமில்ல. உங்களத்தான் சாமி தேடுனோம்!"

முத்திருளன் என்ற அந்த மனிதர் கையைத் தட்டியதும் ஒரு கார் வந்து நின்றது. சாய்குமாரை அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய மீசைகள் ஏறி உட்கார்ந்தன.

திருமங்கலம் தாண்டும்வரை மீசைகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் அடிப்பார்களோ என்று ஒரு பயம், சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது மேஜிக். நடந்ததையெல்லாம் கேமரா ஒண்ணு பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"எங்க இருக்கு?"

சாய்குமார் திரும்பிப் பார்த்தான். ஹரிராமின் ஸ்கூட்டரைக் காணோம். "இருக்குண்ணே. கண்ணுக்குத்தான் தெரியாது."

முத்திருளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு அம்புட்டையும் பாத்துக்கிட்டே இருக்காம்ல. கேட்டீகளாப்பா?"

மீசைகளும் கன்னத்தில் போட்டுக்கொண்டன.

எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் வாசலில் இறக்கினார்கள். ஊரே கூடியிருந்தது. "பொழுது சாய, அருவா மேல ஏறி நின்னு குறி சொல்லணும் சாமி" என்றார் முத்திருளன், காபி சாப்பிடச் சொல்வதுபோல.

அரிவாள் கோயில் சுவரில் சாத்தியிருந்தது. கூர் வானத்தைப் பார்க்க இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொள்வார்களாம், இவன் வெறுங்காலோடு ஏற வேண்டுமாம். சாய்குமார் அரிவாளைப் பார்த்தான். பிறகு தன் பாதங்களைப் பார்த்தான். மறுநாள் காலையில் அவனுக்கும் தேவிகாவுக்கும் நிச்சயதார்த்தம். மண்டபத்துக்கு நடந்து போவோமா, தூக்கிக்கொண்டு போவார்களா என்று கணக்குப் போட்டான்.

அம்மாவுக்குப் போன் போட்டு, வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் கதறினான்.

"சாமிக்கு வேற பாஷை வந்திருச்சுடி!" என்று ஒருத்தி குலவையிட, அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கோயிலில் இருக்கிறாயா, எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள் என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாள்.

இனி ஒரே வழி, தொழில் ரகசியத்தைப் போட்டு உடைப்பதுதான். பையிலிருந்து கத்தியை எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

"இதுல மருந்து தடவியிருக்கேன். அதான் சாறு செவக்குது. நீங்க உங்க கத்தியால அறுங்கண்ணே, பாப்போம்."

முத்திருளன் அறுத்தார். வெறும் சாறுதான் வந்தது.

"பாத்தீங்களா? உங்களுக்கு வரல!"

"எங்களுக்கு எப்புடி சாமி வரும்? வந்தா உங்கள எதுக்குக் கூட்டியாரோம்?"

நியாயமான கேள்விதான். சாய்குமார் கத்தியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

பொழுது இறங்கியது. உடுப்பு மாற்றுவதற்காக அவனைக் கோடாங்கி வீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளறையில் கோடாங்கி முனகிக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி மாயக்காள் தகரப்பெட்டியைத் திறந்து சிவப்புக் கச்சையை உருவினாள். அதோடு கலர் கலராகக் கைக்குட்டைகள், ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டபடி வந்துகொண்டே இருந்தன. அவசரமாக அவற்றைத் திரும்ப உள்ளே திணித்தாள். இதையெல்லாம் கவனிக்கிற நிலையிலா அவன் இருந்தான்? வெளியே உடுக்கை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"அக்கா, நான் சாமியெல்லாம் இல்லக்கா. சும்மா மேஜிக் காட்டுறவன். காலு போயிருங்க்கா, என்னைய விட்ருங்க்கா" என்று அழுதேவிட்டான்.

மாயக்காள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கச்சையை அவன் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டே காதோரம் சொன்னாள்:

"அருவாளுக்கு நடுவுல கூரு கெடையாது தம்பி, பயப்படாம ஏறு. எங்க வீட்டுக்காரரையும் பொருட்காட்சியில மேஜிக் காட்டுறப்பத்தான் தூக்கிட்டு வந்தாக."