கபடிக்கு ஒரு மனு

ஒரு காரியம் நடக்கக் கூடாது என்றால், அதற்கு எழுத்துமூலம் அனுமதி கேட்டால் போதும். தாலுகா ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் அதையே செய்தேன்.

எங்கள் தஞ்சாவூர் வீட்டு மாடியில் நீமா குடியிருந்தாள். தான்சானியப் பெண், கல்லூரியில் முதல் வருடம். வந்து ஒரு மாதமாகியும் சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது. வகுப்பு விட்டால் மாடி, மாடியேறினால் கதவு. "பாவங்க, பேச்சுத் துணைக்கு ஆளில்ல அதுக்கு" என்பாள் என் மனைவி விஜயா.

ஒரு திங்கட்கிழமை நீமா படியிறங்கி ஓடிவந்து, ஆங்கிலமும் அரைத் தமிழுமாகக் கொட்டினாள். "அங்கிள்! கபடி டீம்ல கூப்பிடுறாங்க. சனிக்கிழமை மேட்ச். நாளைக்கு பிராக்டிஸ். கிரவுண்டுக்கு எந்த பஸ்?"

பஸ் நம்பரைச் சொல்லியிருக்கலாம். (சாதாரண மனிதன் சொல்லியிருப்பான்.)

"வாய்வார்த்தையா கூப்பிட்டா எப்படிம்மா? நாளைக்கு யாராவது ஆட்சேபணை பண்ணா?" என்றேன்.

உடற்கல்வி ஆசிரியருக்கு, நீமா பெயரில் மூன்று பக்க மனு. ஏழு இணைப்புகள். நகல்களில் சான்றொப்பம் வாங்க, வேளாண்மைத் துறை நண்பரைத் தேடி நீமாவுடன் ஸ்கூட்டரில் போனேன். நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தவர், மூட்டைமேல் காகிதத்தை வைத்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டபடி கேட்டார்: "கபடிதானே சார்? இல்ல, ராணுவத்துல சேக்குறீங்களா?"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ கல்லூரிப் பதிவாளருக்கும் 'தகவலுக்காக' ஒரு நகல் அனுப்பினேன். பதில் வரும்வரை பிராக்டிஸுக்குப் போகக் கூடாது என்று நீமாவுக்கும் சொல்லிவிட்டேன்.

கேட்காமல் தகவல் வந்தால் எந்த அதிகாரியும் பயந்துபோய்க் கோப்பு திறந்துவிடுவார். வெள்ளிக்கிழமை பதிவாளரிடமிருந்து பதில் வந்தது: 'மனு பரிசீலனையில் உள்ளது. உத்தரவு வரும்வரை மனுதாரர் களத்தில் இறங்கக் கூடாது.' கச்சிதமான வாசகம். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை மைதானத்துக்கே நியாயம் கேட்கப் போனேன். நான் மேலும் எதையாவது எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ள விஜயாவும் வந்தாள். உடற்கல்வி ஆசிரியர் என் மனுவையே எடுத்து நீட்டினார்.

"நீங்க எழுதினதுதானே சார்? இது வராம இருந்தா கடைசி அஞ்சு நிமிஷமாவது பொண்ணை இறக்கியிருப்பேன்."

"அப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதையும் எழுதிக் குடுங்க."

நீமா என்னைப் பார்த்தாள். களத்தின் கோட்டைப் பார்த்தாள். "அங்கிள், வெளிய நின்னு கத்தலாமா? அதுக்கும் மனு வேணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் விஜயா முந்திக்கொண்டாள். "நீ கத்தும்மா. இவரை நான் பிடிச்சுக்கறேன்."

கத்தினாள். அந்தத் தொண்டையைத்தான் ஒரு மாதமாகக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தாள்! இரண்டாம் பாதியில், அவள் ஊர்த் தாளத்தில் மைதானமே கை தட்டியது. மன்னார்குடி அணி எங்களைத் துவைத்துக் காயப்போட்டது வேறு விஷயம். தோற்ற பெண்கள் நீமாவை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு பரோட்டா சாப்பிடப் போனார்கள். அன்று முதல் எங்கள் மாடிப்படிக்கு ஓய்வில்லை.

அனுமதி உத்தரவும் வரத்தான் செய்தது, நீமா பட்டம் வாங்கி ஊருக்குப் போன மறுமாதம். பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இப்போதும் நான் மூன்றாவது தோசை கேட்டால், விஜயா கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறாள்: "மனு பரிசீலனையில இருக்கு. உத்தரவு வர்ற வரைக்கும் மனுதாரர் தட்டுல கை வைக்கக் கூடாது."