முப்பத்தொன்றாம் தேதித் தண்ணீர்

மச்சினி மரேவா சொன்ன இந்தக் கதையைப் பௌரோ பல வருடங்களாக நம்பவில்லை. தலைநகர் அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர் அவர். முட்டாள்தனம் அவருக்குப் புதிதல்ல. மனு போன அன்றே பதில் வந்தது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

அப்போது சர்வதேசத் தேதிக்கோடு அந்தத் தீவு நாட்டை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போனது; கிழக்குப் பாதி தலைநகருக்கு ஒரு நாள் பின்னால். மரேவா கிழக்குத் தீவில் வானொலிச் செய்தி அனுப்புபவள். டிசம்பர் 28, தீவின் கடைசிக் கிணறும் உப்புக் கரித்தது. தலைநகரை அழைத்தாள். அதிகாரி தெகாய் பேசினார்.

"இங்க இருபத்தொன்பதும்மா. நேத்தைய தாகத்துக்குக் கப்பல் அனுப்ப விதி இல்லையே."

"சார், எங்களுக்கு இன்னைக்குத்தான் சார் தாகம்!"

"அரசாங்கம் எப்பவும் உங்களைவிட ஒரு நாள் முன்னால போய்க்கிட்டிருக்கு. நாங்க என்ன பண்றது?"

"அப்ப நாளைக்குன்னு எழுதட்டுமா?"

"உங்க நாளை எங்களுக்கு இன்னைக்கு. கப்பல் வர ரெண்டு நாள் ஆகும். முப்பத்தொண்ணுன்னு போடுங்க. ஒரு பய குறை சொல்ல முடியாது."

மனுவில் அப்படியே போட்டு வானொலியில் அனுப்பினாள். அன்றே ஆணை வந்தது: 'டிசம்பர் 31, அன்று மட்டும், குடிநீர் வழங்கப்படும்.'

முப்பதாம் தேதி மாலை, ஊர் மன்றத்தில் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அறிவிப்பு வந்தது.

'நாடு முழுதும் ஒரே நாளில் வாழும் பொருட்டு, கிழக்குத் தீவுகளில் 31ஆம் தேதி இதனால் நீக்கப்படுகிறது. இனி உலகின் முதல் விடியல் உங்களுடையது.'

ஊரே கை தட்டியது. விடிந்தால் முதல் தேதி. முதல் விடியலைப் படம் பிடிக்க, செய்தி முன்பே தெரிந்திருந்த வெளிநாட்டார் அன்றிரவே விமானத்தில் வந்து இறங்கினார்கள், ஆளுக்கு நாலு தண்ணீர் பாட்டிலோடு. நாக்கு வறள வறள ஊர் அவர்களுக்கு ஆடிக் காட்டியது.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் மரேவா மறுபடி அழைத்தாள்.

"சார், கப்பல்?"

"முப்பத்தொண்ணுதான் உங்க தீவுல வரவே இல்லையேம்மா. வராத நாள்ல தாகம் எப்படி எடுக்கும்? ஃபைலை மூடியாச்சு. புத்தாண்டு வாழ்த்துகள்."

ஒன்பதாம் தேதிதான் மழை பெய்தது. அதுவரை ஊர் குடித்தது இளநீரை. தென்னைகள் மொட்டையாகி நின்றன.

போன வாரம் மரேவா வந்திருந்தபோது பௌரோ ஒருவழியாகக் கேட்டே விட்டார்.

"பதில் அன்னைக்கே வந்துச்சுன்னு சொல்றே, சரி, நம்பிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு, மரேவா. கப்பல் முப்பத்தொண்ணுக்குத்தான்னு ஊருக்கே தெரியும். எழுதினவ நீ. அந்த நாளை எடுத்துட்டாங்கன்னு கேட்டதும் ஊரே கை தட்டுச்சே, நீயும் தட்டினியா?"