மூன்று பிடரி விருந்தாளி

விருந்தாளி பந்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு மூன்று தலை. ஆகவே ஊர்க்காரர்கள் அறுபது பேரும் மூன்று பிடரிகளைப் பார்த்தபடி இருந்தார்கள். கின்காலிக் கொழுக்கட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன. பார்லி பீரில் நுரை அடங்கிவிட்டது. முதல் வாழ்த்தைச் சொல்ல எழுந்த ஊர்த்தலைவர் கிகியா, கொம்புக் கோப்பையைத் தூக்கியது தூக்கியபடி நின்றார்.

“லெலா, இந்த ஆளை அழைச்சது நீதானே? பிடரியைப் பாத்தா நான் வாழ்த்து சொல்றது?”

லெலா அந்த ஊரின் தபால்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கச் சரிவில் வாழும் தேவ்களோடு, அதாவது மலை அரக்கர்களோடு, ஊரில் யாரும் பேசி எத்தனையோ தலைமுறை ஆகிறது. ஆனால் போன வாரம் மலை சரிந்து ஆற்றை அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் நாளுக்கு நாள் ஊரை நோக்கி ஏறியது. அந்தப் பாறைகளைப் புரட்ட தேவ்களால்தான் முடியும். மலைவழி தெரிந்தவள் என்று லெலாவை அனுப்பினார்கள். அவள் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, “விருந்துக்கு வாங்க!” என்று கத்திவிட்டு ஓடிவந்துவிட்டாள். அதை மதித்து வந்தவர்தான் இந்தப் போர்கோ.

“அவங்க வழக்கம் அப்படி இருக்கும், பெரியவரே” என்று லெலா கிசுகிசுத்தாள். “நம்புறவங்களுக்குத்தான் முதுகைக் காட்டுவாங்க போல.”

“உனக்கு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. அந்த நிமிடம் அவளே யோசித்தது. ஆனாலும், “கேள்விப்பட்டிருக்கேன்” என்றாள்.

“அப்ப நாம மட்டும் மரியாதை தெரியாதவங்களா? எல்லாரும் பெஞ்சைத் திருப்புங்கப்பா!”

அறுபது பேரும் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, பந்திக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். கிகியா சுவரைப் பார்த்து வாழ்த்துரை வழங்கினார். பெஞ்சு இழுபட்ட சத்தம் கேட்டு, போர்கோவின் இடது தலை மெல்லத் திரும்பிப் பார்த்தது. நடுத்தலையின் காதில் ஏதோ சொன்னது. வாழ்த்து முடிந்து ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு கொழுக்கட்டைகூடக் குறையவில்லை.

“எல்லாம் உன்னாலதான்” என்றார் கிகியா.

மறுநாள் தண்ணீர் தபால் நிலையத்தின் மூன்றாம் படியைத் தொட்டது. லெலா ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறினாள். நேற்று மரியாதை போதவில்லை, அதுதான் கோபம் என்று அவளுக்குத் தோன்றியது. எனவே தேவ்களின் குடியிருப்பு கண்ணில் பட்டதும் திரும்பிக்கொண்டு, பின்னோக்கியே நடந்தாள்.

இருபது அடி சரியாகத்தான் போனாள். இருபத்தோராவது அடியில், அவர்களின் சூப் அண்டாவை இடித்துக் கவிழ்த்தாள்.

“ஐயோ, மன்னிச்சிருங்க!” என்று எதிரிலிருந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பின்னாலிருந்து போர்கோவின் குரல் கேட்டது. இடது தலை, “பாத்தியா, இப்ப நடக்கும்போதே திரும்பிக்கிறாங்க” என்றது.

“அந்த அளவுக்கா!” என்றது நடுத்தலை.

அதைப் பாராட்டு என்று எண்ணி, லெலா இன்னும் நான்கு அடி பின்னோக்கி வைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். முப்பது தேவ்கள், தொண்ணூறு பிடரிகள். ரொட்டி மூட்டையை வைத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு இறங்கினாள்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் மாட்டுத்தொழுவங்களுக்குள் புகுந்தது. லெலா மறுபடியும் ஓடினாள். இந்த முறை மரியாதையெல்லாம் நினைவில் இல்லை. மூச்சிரைக்க, அந்த முதுகுகளுக்கு நேராக நின்று கத்தினாள்.

“நீங்க எப்படி வேணா உக்காருங்க! எங்களைப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னே வச்சுக்குங்க! ஊரு முழுகுது, வந்து அந்தப் பாறையைத் தூக்குங்க!”

“பாறையா?” என்றன போர்கோவின் மூன்று தலைகளும். “இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாறையைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவே இல்லை.

முப்பது தேவ்களும் இறங்கி வந்தார்கள், பின்னோக்கி நடந்தபடி. கைகளைப் பின்னால் நீட்டித் துழாவி, வீடளவு பாறைகளைப் பெயர்த்து முதுகில் ஏற்றினார்கள். இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். ஒருவர் ஆற்றிலேயே விழுந்தார். மதியத்துக்குள் ஆறு திறந்துகொண்டது. ஊர் மக்கள் கைதட்டினார்கள். எதிரே தொண்ணூறு பிடரிகள் அசையாமல் நின்றன.

கிகியாவுக்கு நன்றி ஒருபக்கம், ரோஷம் ஒருபக்கம். அவர் ஆற்றங்கரைக்கு வந்து நின்றார்.

“பெரிய உதவி செஞ்சீங்க, மறக்க மாட்டோம். ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு அப்படி என்ன வழக்கம்?”

போர்கோவின் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசிப் பாறையை இறக்கி வைத்த ஒரு தேவ் பெண்தான், திரும்பாமலே பதில் சொன்னாள்.

“எங்களுக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாதுங்க. எங்க முகத்தைப் பாத்து உங்க பிள்ளைங்க பயந்து அழுவுதுன்னு உங்க முப்பாட்டன் ஒருத்தர் வந்து, முகத்தைக் காட்டாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டாராம். ‘திரும்புங்க’ன்னு உங்கள்ல யாராவது சொல்ல மாட்டீங்களான்னு அன்னிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்.”