முழுங்கத் தகுதியுடையவர்

ரொட்டி என் நெஞ்சுக்குள் நின்றுவிடுகிறது. மேலேயும் வராது, கீழேயும் போகாது. நின்ற இடத்தில் கத்தியை விட்டுத் திருகுவது மாதிரி வலி. கஞ்சி என்றால் மெல்ல இறங்கும். ஆகவே, ரேஷனில் மாவுக்குப் பதில் அரிசி கொடுங்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் கேட்டேன். இருபது வருஷக் கணக்கப்பிள்ளை, இதுகூடக் கேட்கக்கூடாதா?

கூடாதாம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் முத்துலிங்கம், நெஞ்சு பார்க்கும் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். அந்த வருஷம் அதுதான் நாகரிகம். தேத்தண்ணி குடிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

"நெஞ்சு வலின்னா இருதயம். ரொட்டி எறங்கலன்னா வயிறு. ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க, கணக்கப்புள்ள."

"ரெண்டுந்தான்யா."

"ரெண்டுக்கும் சேர்த்து எங்கிட்ட மருந்து இல்ல. டவுன் ஆஸ்பத்திரில எழுதி வாங்கிட்டு வாங்க. அரிசி தர்றோம்."

போனேன். டாக்டர் நல்ல மனிதர். விளக்கினார்.

"சாப்பாட்டுக் குழாய் ஒழுங்கா அசையல. மேலருந்து தள்ளணும், கீழ வாசல் தெறக்கணும். ஒங்களுக்குத் தள்ளவும் மாட்டேங்குது, தெறக்கவும் மாட்டேங்குது."

"நம்ம கவர்மெண்டு கச்சேரி ஆபீஸ் மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட. உள்ள ஒரு குழாயை விட்டு வாசலை விரிச்சா சரியாகும். முன்னால வெள்ளை மருந்தைக் குடிக்க வச்சு, எறங்குறதைப் படம் எடுக்கணும். மெஷின் பழுது."

"அப்ப?"

"குடிக்கிறதை நிப்பாட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வரல. குடிங்க. கோப்பையில மிஞ்சினா நோய் உண்டு. காலியானா இல்ல."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நாலு வெள்ளைக் கோட்டுகள் வேடிக்கை பார்த்தன. "பெருசு பாதிகூடக் குடிக்காது" என்று ஒருவன் சிரித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரே சத்தத்தில் முந்நூறு பேரை அடக்கிய ஆள் நான். ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினேன். உயிர் போய் வந்தது. கைதட்டினார்கள். 'மேற்படியார் முழுங்கத் தகுதியுடையவர்' என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நன்றி வேறு சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே அவ்வளவும் வெளியே வந்துவிட்டது. அதைக் கணக்கில் எடுக்க ஆளில்லை.

முத்துலிங்கம் வீட்டுக்கே வந்து அந்தச் சர்டிபிகேட்டை வாங்கி வாசித்தார். "இந்தத் தோட்டத்துலயே முழுங்குறதுக்கு சர்டிபிகேட் வச்சிருக்கது நீங்க ஒருத்தர்தான்! மாவை வாங்கிக்கங்க."

என் மனைவி வீரம்மா அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"துரை ஏசுறதை எல்லாருந்தான் தெனமும் முழுங்குறோம். எங்களுக்கெல்லாம் சர்டிபிகேட் கெடையாதா? ஒங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்குறேன், ஐயா."

முத்துலிங்கம் குழாயைக் கழற்றிப் பையில் போட்டார்.

எனக்கு நல்ல பதில் ஒன்று வந்தது. ரொட்டி நிற்கும் இடம்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது.